மூன்று மணி பஸ்

பியர் ஃபோர்க், கென்டக்கி
அக்டோபர் 5, 1958

என் கண்ணே நெல்டா,

உன் மாமன் ஹோபர்ட்டின் மகன் டாரெல் ஜெர்மனியில் பட்டாளத்தில் கார்ப்பரல் ஆகிவிட்டான். அவன் தங்கை வாண்டா லெக்சிங்டனில் நர்ஸ் படிப்பில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்தவள் டாக்டர் வீட்டுப் பெண், அதனால் இதை முதலிடம் என்றே நான் ஊரில் சொல்கிறேன். லொரீன் சித்தியின் மகன் டென்வர் பள்ளிக்கூடக் கால்பந்தில் இரண்டு முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினான். மாவட்டப் பத்திரிகையில் பெயர் வந்தது. எழுத்து ஒன்று தப்பு, ஆனால் அவன்தான்.

இத்தனைக்கும் மேலே நீ. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாடு கறக்கப் போனவளின் பேத்தி எழுதிய கதை நியூயார்க் பத்திரிகையில் அச்சாகி வந்திருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் ஸெல்ஃபா எனக்கு முன்னால் அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். கேட்டால், "கவர் தானாப் பிரிஞ்சுக்கிச்சு"ங்கிறாள். அவளிடம் வருகிற எல்லாக் கவருமே அப்படித்தான் பிரிகிறது.

நான்கு நாள் விரல் வைத்துப் படித்தேன். அந்தப் பெண் ரொட்டி மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு கடை வாசலில் மூன்று மணி பஸ்ஸுக்கு நிற்பதும், பஸ் வந்தும் ஏறாமல் திரும்பி வந்து அந்த மாவைச் சுடுவதும். கோட்டை நீலம் என்று எழுதியிருக்கிறாய். லொரீனுடையது பச்சை. மாற்றியது நல்லது.

லொரீன் இன்னும் படிக்கவில்லை. சனிக்கிழமை எனக்குத் தலைக்கு ஊற்ற வருவாள். கொடுத்தாலும் கொடுப்பேன்.

முட்டி ஏணி ஏற மாட்டேன் என்கிறது. ஆப்பிளை இந்த வருஷம் கீழே விழுந்ததோடு சரிக்கட்டிவிட்டேன். சிகாகோவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

உன் பாட்டி ஓர்லினா

—

சிகாகோ
அக்டோபர் 20, 1958

அன்புள்ள பாட்டிக்கு,

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். முட்டிக்குக் கற்பூரத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். ஸெல்ஃபா அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுப்பாள்.

ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருஷக் கோடையில் பின் தாழ்வாரத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே, சித்தி அன்று பஸ்ஸுக்கு நின்றதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நான் அழுதுகொண்டிருந்தேன். திரும்பி வந்தவர்களும் ஒருநாள் பெட்டியைக் கட்டினவர்கள்தான் என்றீர்கள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதேன், யாரு படிக்கப் போறா" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றினேன். கடைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்க்கிற அந்தச் சின்னப் பெண் நானாகச் சேர்த்தது. நிஜத்தில் நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சித்திக்குத் தெரியாதே. அவர் உங்கள் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் சித்தப்பா சுரங்கத்தில் செத்த பிறகு.

ஊரார் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் நீங்களே அவரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்குச் சொன்னது நீங்கள்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்மா செத்து ஆறு வயசில் வந்த என்னைச் சாப்பாடு போட்டு வளர்த்தவர் அவர். அவர் தப்பாக எடுத்துக்கொண்டால் எனக்குத் தாங்காது.

அன்புடன்
நெல்டா

—

பியர் ஃபோர்க்
நவம்பர் 30, 1958

நெல்டாவுக்கு,

தைலம் வந்தது. நல்ல காரம். ஸெல்ஃபாவுக்கும் இரண்டு சொட்டு கொடுத்தேன், அவளுக்கு இடுப்பு.

உன் கதையை இப்போது ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லாரும் படித்துவிட்டார்கள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வருகிற பெண்கள் தட்டு வைக்கிற சாக்கில் அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டாயே. போன வாரம் சர்ச் மூப்பர் கார்ட்ரைட்டின் மனைவி பியூலாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஒருத்தியும் சாப்பாட்டோடு உள்ளே வரவில்லை. வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள். ஒருத்தி கேட்டாளாம், "உள்ள நெல்டா இல்லயே?" என்று. சர்ச் விருந்துக்கு நான் கொண்டு போன கோழிக் கொழுக்கட்டையை ஒருவரும் தொடவில்லை. கொண்டு போன பாரத்தோடு தூக்கி வந்தேன்.

நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு எல்லாரும் இங்கே வந்திருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் டென்வர் ஆரம்பித்தான்.

"அம்மா, நெல்டா எழுதினது நெசமா?"

"எது?" என்றாள் லொரீன்.

"நீ பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னது. எனக்கு அப்ப ரெண்டு வயசு. என்னை யாருகிட்ட விட்டுட்டுப் போன?"

"கறி ஆறிடும். சாப்பிடு."

ஹோபர்ட் இடையில் புகுந்தான். "டேய், அது கதைடா. கதைல எதையும் எழுதலாம். நாளைக்கு உங்கப்பன் பறந்தான்னுகூட எழுதுவா."

"கதைல புளிச்ச ரொட்டி வருது மாமா. அம்மா ஒருநாள் புளிச்ச ரொட்டி போட்டாங்க, நாய்கூடத் திங்கலன்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது எப்படி அவளுக்குத் தெரியும்?"

டென்வர் பாதித் தட்டில் எழுந்து வெளியே போனான். லொரீன் அவன் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தாள்.

பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "அவ பாத்திருக்காம்மா. எட்டு வயசுப் பொண்ணு, கடைக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் பாத்திருக்கா. ஒரு வார்த்த கேக்கல. பதினஞ்சு வருஷம் வெச்சிருந்து ஊருக்கு எடுத்துக் காட்டியிருக்கா."

நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சனிக்கிழமையாக அவள் வரவில்லை. தலையை நானே வாரிக்கொள்கிறேன், கை பின்னால் வரை எட்டவில்லை. வாண்டா கிறிஸ்துமஸுக்கு வருகிறாளாம், அவளுக்கு நர்ஸ்களின் வெள்ளைத் தொப்பி கொடுத்துவிட்டார்கள். நீ சரியாகச் சாப்பிடு.

பாட்டி

—

சிகாகோ
டிசம்பர் 9, 1958

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கை எட்டாதது எனக்கு இங்கே வலிக்கிறது. வாண்டாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு சேதி: இந்த வருஷத்தில் அமெரிக்காவில் வந்த நல்ல கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் என் கதையும் இருக்கிறது. கல்லூரி ஒன்றில் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். ஒரு பேராசிரியர் அந்த ரொட்டி மாவைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் வாழ்க்கையில் ஒருநாள்கூட மாவு பிசைந்திருக்க மாட்டார்.

முடிந்த பிறகு பெண்கள் வரிசையாக வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அந்த அம்மா எவ்வளவு தைரியசாலி! அவங்க அன்னிக்கு ஏறியிருக்கணும்" என்கிறாள் ஒருத்தி. அந்தப் பஸ்ஸில் சித்தி ஏறியிருந்தால் அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த எனக்கு யார் கதவைத் திறந்திருப்பார்கள்? சிரித்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன். புகழ் இவ்வளவு அலுப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பாட்டி, போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் இல்லை. சித்தியிடம் சொன்னீர்களா?

நெல்டா

—

பியர் ஃபோர்க்
ஜனவரி 28, 1959

நெல்டா,

இங்கே முழங்கால் வரை பனி. இரண்டு கோழி விறைத்துச் செத்தன, குழம்பு வைத்துவிட்டேன். புத்தகச் சேதியை மூப்பர் கார்ட்ரைட் வரைக்கும் சொன்னேன். "வேதப் புஸ்தகம் ஒண்ணு போதும் எங்களுக்கு" என்றார். ஆனால் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று கேட்டார்.

டாரெல் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிகாரம் அனுப்பியிருக்கிறான். மணிக்கொரு தரம் குருவி வெளியே வந்து கத்துகிறது. அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

டென்வர் அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லையாம். லொரீன் சர்ச்சில் மூன்று பெஞ்சு தள்ளி உட்காருகிறாள். அவளுக்கு என் மேல் ஒன்றுமில்லை, உன் பேச்சை நான் எடுத்துவிடுவேனோ என்றுதான். இளைத்திருக்கிறாள்.

நீ கேட்டதைப் பற்றி, பனி விடட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

—

சிகாகோ
பிப்ரவரி 15, 1959

அன்புள்ள பாட்டிக்கு,

பனி இங்கேயும் விடவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸிலிருந்து சித்திக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதோடு ஒரு சீட்டு இருந்தது. அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"நெல்டா, நீ எழுதியதற்காக எனக்குக் கோபமில்லை. ஊர் பேசும், ஓயும். கடைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றதாக எழுதியிருக்கிறாய். நின்றவள் ஒரு தரம் சித்தி என்று கூப்பிட்டிருக்கலாம். அந்த ஒரு மைலை நான் தனியாகத் திரும்பி நடந்தேன். இனிமேல் எழுதாதே. லொரீன்."

பாட்டி, இதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் பார்த்துக்கொண்டே நின்று கூப்பிடாமல் இருந்தேன் என்று அவர் நினைக்கிறார். எட்டு வயசில் நான் அப்படிப்பட்ட பிள்ளை என்று நினைக்கிறார். இதை மட்டும் என்னால் சுமக்க முடியவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள் என்று நான் எழுதினால் அவருக்கு மீதி இருக்கிற ஒரே ஆளையும் நான் பிடுங்கியதாகிவிடும். அதனால் என் வாயால் சொல்ல மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் கையில்.

நெல்டா

—

சிகாகோ
ஏப்ரல் 12, 1959

அன்புள்ள பாட்டிக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. முட்டியா, மனசா என்று தெரியவில்லை. நேற்று ஒரு பெரிய பதிப்பகத்திலிருந்து ஆள் வந்தார், இன்னும் கதைகள் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் யாராவது ஒருத்தர் தட்டின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடுவது தெரிகிறது.

ஸெல்ஃபா இதைப் பிரித்துப் படிப்பதானால் படிக்கட்டும். பாட்டி நலமா என்று அவளாவது ஒரு அட்டை போடட்டும்.

நெல்டா

—

பியர் ஃபோர்க்
மே 24, 1959

என் கண்ணே,

உயிரோடுதான் இருக்கிறேன். எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவளுக்கு எழுத்து வராது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

போன ஞாயிறு சர்ச்சில் பாதம் கழுவும் ஞாயிறு. சின்னவளாக நீ பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு பார்த்ததுதான். வருஷத்துக்கு ஒருமுறை, பெண்கள் பக்கம் பெண்கள், ஆண்கள் பக்கம் ஆண்கள். இருபத்தைந்து வருஷமாக நான் லொரீனுக்குக் கழுவுவேன், அவள் எனக்குக் கழுவுவாள். மூப்பர் வழக்கம்போலச் சொன்னார், யார் மேலாவது மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு, அல்லது யாரிடமாவது ஒன்றை மறைத்துக்கொண்டு, கால் கழுவும் பேசினைத் தொடாதீர்கள் என்று. வருஷா வருஷம் கேட்டதுதான். இந்த வருஷம் அவர் என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

பேசினைத் தொடாமல் உட்கார்ந்தே இருந்தால் ஊர் கேட்கும். சொல்லாமல் தொட்டால் கடவுள் கேட்பார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று பெஞ்சைத் தாண்டிப் போய் லொரீனின் முன்னால் மண்டி போட்டேன். முட்டி கதவு திறக்கிற மாதிரி கத்தியது. அவள் காலுறையைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தாள்.

"லொரீன், நெல்டா பாக்கல. அவ அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. நான்தான் அவகிட்டச் சொன்னேன்."

"என்னம்மா சொல்ற?"

"யாருகிட்டயும் சொல்லாதேன்ன. நான் சொல்லிட்டேன். பீன்ஸ் உரிக்கறப்ப. அவ அழுதுக்கிட்டிருந்தா."

பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எத்தனை மாசமா இத வாயில வெச்சிருக்க?"

"எட்டு மாசம்."

"அந்தப் பொண்ணு கடுதாசியெல்லாம் திருப்பி அனுப்பினேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எம் பையன் என் மூஞ்சியப் பாக்காம சாப்பிடுறான். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே தட்டத் துடைச்ச." காலை வெளியே எடுத்தாள். துடைக்கக்கூட இல்லை, ஈரக்காலிலேயே காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பியூலா குனிந்து, "என்னடி ஆச்சு ஓர்லினா?" என்றாள். "தண்ணி சூடு பத்தல" என்றேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தார்கள். என் முறை வந்தபோது காலைக் கழுவ ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் ஸெல்ஃபாதான் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மொதல்ல கவரப் பிரிச்சவ நான். காலக் குடு" என்றாள்.

பெற்ற மகளை இழந்துவிடுவேன் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், நெல்டா. உன்னைப் பலி கொடுத்து அவளை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். உன் புகழை ஊர் முழுக்கச் சொன்னேன், உன் பழியை மட்டும் நீயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பாட்டி

—

சிகாகோ
ஜூன் 2, 1959

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்தேன், அங்கேயே அழுதேன். பக்கத்து மேஜைக்காரி யார் செத்தது என்று கேட்டாள். யாரும் சாகவில்லை என்றேன்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் முட்டி தரையில் பட்டதை நினைத்த பிறகு அது பெரும்பாலும் போய்விட்டது. யாரு படிக்கப் போறா என்று சேர்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

சித்திக்கு நான் எழுத மாட்டேன். எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். வெந்நீரில் உப்புப் போட்டு முட்டிக்கு ஒத்தடம் கொடுங்கள்.

நெல்டா

—

பியர் ஃபோர்க்
ஜூன் 28, 1959

என் கண்ணே நெல்டா,

உப்பு ஒத்தடம் கொடுத்தேன், நடக்கிறேன். உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவே இல்லை, அதையும் எழுது.

வியாழக்கிழமை மத்தியானம் லொரீன் வந்தாள். படியேறவில்லை. முற்றத்தில் விறகு வெட்டுகிற கட்டை மேல் உட்கார்ந்தாள். நான் மேலேயே நின்றேன். கோழிகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தன.

"அன்னிக்கு அவ எங்க இருந்தா?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல."

"அப்ப கதைல வர்ற அந்தப் பொண்ணு?"

"அவளாச் சேத்தது. நெசத்துல அங்க யாருமே இல்ல."

"யாருமே இல்லதான். எனக்குத் தெரியாதா?" என்றாள். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கீறிக்கொண்டிருந்தாள். "ஸெல்ஃபாகிட்ட வாங்கி மறுபடி படிச்சேம்மா. முதல்ல படிச்சப்ப அந்தப் பொண்ணு வேவு பாக்குதுன்னு நெனச்சேன். அது கடைசி வரைக்கும் நிக்குது. பஸ் போன பிறகும் போகல. பெரியவ திரும்பி நடக்கறப்ப அவளுக்குத் தெரியாம பின்னாலயே வருது, வீடு வரைக்கும்."

"ஆமா."

"அது துணைக்கு வந்திருக்கு" என்றாள்.

நான் பேசவில்லை. இந்தத் தடவை நல்லதற்குத்தான் பேசாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

டென்வரைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுசையும் தானே சொல்லிவிட்டாளாம். டிரைவர் கதவைத் திறந்து ஏறுறீங்களா என்று கேட்டதும், இல்லை, ஒருத்தருக்காகக் காத்திருக்கேன் என்று இவள் சொன்னதும். "யாருக்காக?" என்று கேட்டிருக்கிறான். "உனக்குத்தான்டா, மடையா. நீ வளந்து வந்து கேப்பேன்னு" என்றாளாம். அவன் சிரித்தானா அழுதானா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னை அவள் இன்னும் நேராகப் பார்க்கவில்லை. அதற்கு நாள் ஆகும். ஆகட்டும்.

வேலி வரை போனவள் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "அவளப் புதுசா ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. பத்திரிகைல வந்தது வேணாம். அதுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எங்கயோ பாக்கறா. என்னை நேராப் பாக்கற மாதிரி ஒண்ணு."

அதனால் நல்ல வெளிச்சத்தில் ஒன்று எடுத்துக்கொள். தலையை வாரிக்கொள். மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பு, கவரை நன்றாக ஒட்டு.

என் பெயருக்கு வேண்டாம். லொரீன் பெயருக்கே போடு.

உன் பாட்டி
ஓர்லினா